மலையை மழித்த கோடுகள்

நான் ஒரு மடையன். கணினி பழகிய மடையன் என்பதால், சாதாரண மடையனைவிடக் கொஞ்சம் ஆபத்தானவன். ஒரு முழு மலையை மொட்டந்தலைபோல வழவழப்பாக்கி, அதன்மேல் சொந்த அக்காவை வெறுங்காலில் ஏற்றப் பார்த்தவன்.

இத்தாலியின் பலெர்மோவில் எங்கள் ஆட்கள், சைவக்காரரும் கிறிஸ்தவ வேதக்காரரும், ஞாயிறு காலையில் மொன்தே பெல்லெக்ரினோ மலையில் நடந்து ஏறி, மேலே குகைக்கோயிலில் இருக்கிற புனிதை சாந்தா றொசாலியாவைக் கும்பிடுவார்கள். வீட்டில் பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டு வந்து, மலைக்குகைக்குள் மெழுகுதிரி கொளுத்துகிறவர்களில் அக்காவும் ஒருத்தி. அந்த வருடம் அவளுடைய பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருக்க விடுகிற கடுதாசி, மாதக்கணக்காக இழுபட்டது. கிடைத்தால் வெறுங்காலில் ஏறி வருவதாக நேர்ந்துவிட்டாள். கடுதாசி கிடைத்தது, அதற்குள் முழங்கால் கெட்டுப்போனது.

அவள் வியா மக்வேதாத் தெருவில் ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது ஒரு இத்தாலிய அம்மாவை, வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்கிறாள். ஞாயிறுகளில் மட்டும் சிஞ்ஞோராவின் மகள் வந்து பகல் ஒரு மணிவரை இருப்பாள். அடுத்த வாரம் சிஞ்ஞோராவோடு கடற்கரை வீட்டுக்குப் போனால் கோடை முடியும்வரை திரும்பி வர முடியாது. ஆக, நேர்த்திக்கு இருந்தது ஒரேயொரு ஞாயிறு. அந்த ஞாயிறுதான் என் கையில் அகப்பட்டது.

நான் பொலிதேயாமாப் பக்கம் நான்கு கட்டடங்களின் படிக்கட்டுகளைத் துடைக்கிறவன். பின்னேரங்களில் வீடியோ பார்த்து, விரலால் இழுத்துப் பெருப்பிக்கக்கூடிய இணைய வரைபடங்கள் செய்யப் பழகியிருந்தேன். பழகினேன் என்பதே பெரிய சொல்.

மலையின் உயரங்கள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. நிலத்தைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒரு சதுரத்துக்கு ஒரு உயரம் என்று எழுதிய கோப்பு. அதை ஊட்டினால் கணினி சமவுயரக் கோடுகளை இழுத்துத் தரும். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சாய்வு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். முதல் நாள் வரிசைகளைத் தலைகீழாக வாசித்ததில், மலை ஊரைத் தாண்டித் தெற்கே போய் பல்லரோ சந்தையின்மேல் குந்திக்கொண்டது. மீன்காரர்கள் முந்நூறு மீற்றர் உயரத்தில் நின்று மீன் வெட்டினார்கள். அதைத் திருத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

கோடுகள் படிப்படியாக, பல் உடைந்த வாள்போல வந்திருந்தன. நுணுக்கமான கோப்பு என் கிழட்டு லப்டொப்பை மூச்சடைக்க வைத்ததால், நான் எடுத்தது பருவெட்டான கோப்பு. அதில் ஒரு சதுரமே பல விளையாட்டு மைதானங்களை விழுங்கும். ஒரு செங்குத்துப் பாறை அதற்குள் விழுந்தால், உச்சிக்கும் அடிக்கும் நடுவில் ஒரு எண்ணைப் போட்டுச் சமாதானம் செய்துவிடும். அந்த உடைந்த பற்கள் அதைத்தான் என் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தன. நாள் முழுக்கப் படி துடைக்கிறவனுக்குப் படத்திலும் படியா? வழவழப்பாக்கும் பொத்தானை அமத்தினேன். கோடுகள் கூந்தல்போல நெளிந்தன. எவ்வளவு கிட்டப் போனாலும் மங்கவில்லை. ஒன்றும் தெரியாத கோடு, எல்லாம் தெரிந்த கோடுபோல மினுங்கியது. என்னைப்போலவே.

எங்கள் ஆட்களின் போன் குழுவில் போட்டேன். கைதட்டுகள், பூக்கள், பட்டாசுகள். மலை எந்தப் பக்கம் என்று தெரியாதவர்கூட “அருமை” என்று எழுதினார். மன்னார்க்காரர் ஒருவர் மட்டும், “தம்பி, நீர் இந்த மலையிலை காலாலை ஏறினீரோ, கையாலையோ?” என்று கேட்டார். பொறாமை என்று விட்டுவிட்டேன்.

அக்காவிடம் போனை நீட்டினேன்.

“இஞ்சை பார். பழைய பாதை வளைஞ்சு வளைஞ்சு போகுது. அதாலைதான் உனக்குக் கால் நோகுது. மலையடியிலை இருக்கிற பூங்காப் பக்கத்தாலை நேரை ஏறினா பாதித் தூரம். கோடுகள் எவ்வளவு தள்ளித் தள்ளி நிக்குது பார், சமதரை மாதிரி.”

“உண்மையாவோ?”

“ஓம். விஞ்ஞானம்.”

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பூங்கா மரங்கள் முடிகிற இடத்தில் அக்கா செருப்பைக் கழற்றி என் பைக்குள் போட்டாள். கல்லும் முள்ளும் தொடங்கின. நான் முன்னால், போனைப் பார்த்தபடி, “இன்னும் கொஞ்சந்தான், இன்னும் கொஞ்சந்தான்” என்று சொல்லிக்கொண்டே போனேன். சொல்லி முடிக்கமுன் மூக்கு இடித்தது.

பாறை. நட்டுவைத்த சுவர்போல. கழுத்தை முழுதாக மடித்தும் உச்சி தெரியவில்லை. போனில் நாங்கள் ஒரு மெல்லிய சாய்வில் நின்றுகொண்டிருந்தோம்.

“இதுவோடா உன்ர சமதரை?”

“படத்திலை இந்த இடத்திலை ஒரு கோடுதான் அக்கா…”

“அப்ப அந்தக் கோட்டிலை ஏறு, பாப்பம்.”

நான் படத்தைப் பெருப்பித்தேன். கோடு இன்னும் அழகாகியது. பாறை அசையவில்லை. சற்றுத் தள்ளி இரண்டு இத்தாலியப் பெடியன்கள் இடுப்பில் கயிறும் கொழுக்கிகளும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் அக்காவின் வெறுங்காலையும், சட்டையில் கொழுக்கிபோலத் தொங்கிய ஊக்கையும் பார்த்து, பெரிய வீராங்கனை என்று நினைத்தானோ என்னவோ, மரியாதையாகத் தலையசைத்தான். அக்கா அவனுக்குத் தலையசைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

பழைய பாதையின் அடிவாரத்துக்கு மலையைச் சுற்றித் திரும்பி வந்தபோது பத்தேகால். அவள் செருப்பு வேண்டாம் என்றுவிட்டாள். குதிக்காலில் இரத்தம் காய்ந்திருந்தது. ஒரு மணிக்கு வியா மக்வேதாவில் நிற்க வேண்டும். அந்த முழங்காலோடு, அந்த நேரத்துக்குள் மேலே போய் இறங்குவது நடக்கிற காரியமா? எனக்குக் கணக்குத் தெரியும் என்ற திமிர் அப்போதும் போகவில்லை. தெருவோரத்தில் பஸ் தரிப்பைக் கண்டுவிட்டு வாய் திறந்தேன்.

“அக்கா, பஸ் கோயில் வாசலிலை கொண்டுபோய் விடும். ஏறிப் போவம். சாந்தா என்ன, மேலையிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டோ இருக்கிறா? வரேக்கை வேணுமெண்டா நடந்து இறங்குவம். கால் நோக வேணும், அவ்வளவுதானே? அது நொந்தாச்சு.”

அக்கா கைப்பையைத் தோளில் குறுக்காக மாட்டினாள். முதல் கல்லில் வலது காலை வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

“நீ பஸ்ஸிலை வா.”