ஷெஃபின் கட்டிய தரையடுப்பு

அந்தக் கட்டிடத்துக்கு நான் போட்ட முதல் வரைபடத்தில் அடுப்பு தென்கிழக்கு மூலையில் இருந்தது. யாரும் சொல்லி அங்கே போடவில்லை. பென்சில் தானாக அங்கே போய் ஒரு வட்டம் போட்டுவிட்டது. கோயம்புத்தூரில் நான் பார்த்த வீடு எல்லாவற்றிலும் அடுப்பு அக்கினி மூலையில்தான் இருக்கும். சென்னையில் கட்டிடக்கலை படித்துப் பட்டம் வாங்கியும் அது கையை விட்டுப் போகவில்லை. ஷெஃபின் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஏன் மூலையில வச்சிருக்கீங்க? காத்து அந்தப் பக்கம் போகுதா?" என்றார். "இல்லைங்க, அதுதான் நெருப்போட மூலை" என்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் அதற்கு மேல் விளக்க முடியவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு என் பென்சிலை வாங்கி, தாளின் நட்டநடுவில் பெரிய வட்டமாகப் போட்டார். "எங்க ஆளுங்களுக்கு நெருப்பு நடுவுல இருக்கணும். சுத்தி உக்காரணுமில்ல?" என்றார்.

ஷெஃபின் என்றால் ஜெர்மன் மொழியில் முதலாளியம்மா. எழுபதுகளின் தொடக்கம் அது. ஹனோவர் பல்கலைக்கழகத்தில் என் கணவருக்கு ஆராய்ச்சி. எனக்கு ஷெஃபினுடைய அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. அவர் சிரியாவின் அலெப்போ நகரத்தில் பிறந்த ஆர்மேனியர். படிக்க ஜெர்மனி வந்து அப்படியே தங்கிவிட்டவர். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர், ஆனால் குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்கும். கோபம் வந்தால் ஆர்மேனிய மொழியில் திட்டுவார், சமாதானமானால் பையிலிருந்து உலர்ந்த ஆப்ரிக்காட் பழம் எடுத்துக் கொடுப்பார். ஒரு பெண் தனியாகக் கட்டிட அலுவலகம் நடத்துவதை வேடிக்கையாகப் பார்த்த காலத்தில், அவர் வேடிக்கை பார்த்தவர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டார். எங்களுக்குள் தினமும் சண்டை வரும். தினமும் நான் சந்தோஷமாகவே வேலைக்குப் போனேன்.

நகராட்சி ஒரு பழைய டிராம் கொட்டகையைப் பொதுச் சந்தையாக மாற்ற நினைத்தது. போட்டியில் ஷெஃபினுடைய திட்டம் தேர்வானது. கொட்டகையின் ஓரமெல்லாம் கடைகள்: உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் ஊறுகாய், அந்தப் பக்கம் மாதுளை, புதினா, மலைமலையாகக் கொத்தமல்லி. நடுவில் சுவரே இல்லாமல் ஒரு சமையல் பள்ளி. மேலே ஆர்மேனியர்களின் பழைய வீடுகளில் இருப்பதுபோல மர உத்தரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோணம் மாற்றி அடுக்கி, குறுகிக் குறுகிப் போய் உச்சியில் ஒரு வெளிச்சத் துளை. அந்தத் துளைக்கு நேர் கீழே தரைக்குள் இறக்கிய மண் அடுப்பு. அதற்குத் தோனிர் என்று பெயர். மாவை மெல்லிய துணிபோல இழுத்து, ஒரு மெத்தையில் விரித்து, எரியும் அடுப்பின் உட்சுவரில் பளாரென்று அறைந்து ஒட்டினால் லவாஷ் என்கிற ரொட்டி. ஒருத்தி உருட்டுவாள், ஒருத்தி இழுப்பாள், ஒருத்தி சுடுவாள், நாலாவது ஒருத்தி எதுவும் செய்யாமல் ஊர்வம்பு பேசுவாள். அந்த நாலாவது ஆளுக்கும் இடம் வேண்டும் என்று ஷெஃபின் பிடிவாதமாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எங்கள் அலுவலகமே ரொட்டி மணக்கும்.

இந்த அடுப்பில்தான் வினை வந்தது. அனுமதி தர வேண்டிய தீயணைப்பு அதிகாரி உயரமானவர், நல்ல மனிதர், சிரிக்காதவர். "பொதுமக்கள் நடமாடுற இடத்துல, தரையில, நெருப்பு எரியிற ஒரு குழி" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் எனக்கே பயமாகிவிட்டது. சுற்றிலும் இடுப்பளவு கம்பி வேலி போடச் சொன்னார். வேலி போட்டால் உட்கார்ந்து எப்படிச் சுடுவது? அப்படியானால் அடுப்பை மேலே தூக்கி மேடையில் வையுங்கள், ஜெர்மானியர் யாரும் தரையில் உட்கார்ந்து சமைக்கப் போவதில்லை, அவர்களுடைய முழங்கால் அதற்கு வராது என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் ஷெஃபின் ஒத்துக்கொள்ளவில்லை. "மேல தூக்கி வச்சா ஒருத்தி நின்னு சுடுவா, மத்தவங்க அவ முதுகைப் பாப்பாங்க. அதுக்கு மின்சார அடுப்பே போதுமே!" என்றார். அதிகாரி அதைக் கிண்டலென்று புரிந்துகொள்ளாமல், மின்சார அடுப்பென்றால் அன்றைக்கே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

அன்று அலுவலகம் திரும்பியதும் ஷெஃபின் எங்களைக் கூப்பிட்டு, அடுப்பு தரையில் வராவிட்டால் இந்த வேலையையே விட்டுவிடப்போவதாகச் சொன்னார். அலுவலகத்துக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. விட்டால் இழுத்து மூட வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு குழிக்காக இத்தனை பேர் பிழைப்பில் மண்ணைப் போடுவதா என்று கேட்டேவிட்டேன். அவர் திட்டவில்லை. "எங்க அம்மா ஊருக்கு நான் திரும்பிப் போக முடியாது. முதல் உலகப் போர் சமயத்துல கொன்னு துரத்தினதுக்கு அப்புறம் அங்க எங்க ஆளுங்க யாருமே இல்லை. இந்த ஒரு குழியைச் சுத்தி உக்காந்தா எனக்குப் போதும்" என்றார்.

நாங்கள் அப்போது பாதி நிலத்துக்குள் இறங்கியிருந்த ஒரு கீழ்த்தள வீட்டில் குடியிருந்தோம். சமையலறை ஜன்னலின் அடிப்பகுதி தோட்டத்துத் தரைமட்டத்தில் இருக்கும். வருகிறவர் போகிறவரின் செருப்பைப் பார்த்தே ஆளை அடையாளம் சொல்வேன். "உனக்கு இந்தத் தெருவுல எல்லாருடைய காலும் தெரியும், ஒருத்தர் முகமும் தெரியாது" என்று என் கணவர் கேலி செய்வார். அந்த வாரக் கடைசியில் வீட்டுக்காரம்மா ஜன்னல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். மழையைப் பற்றிப் பேசினோம், நத்தையைப் பற்றிப் பேசினோம், அவர் ஒரு கிண்ணம் சிவப்புத் திராட்சைபோன்ற புளிப்புப் பழத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். கையை நீட்டி வாங்கும்போதுதான் உறைத்தது. அவர் உட்கார்ந்திருக்கிறார், நான் நிற்கிறேன், இரண்டு பேர் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கிறது. பீன்ஸை அப்படியே போட்டுவிட்டு, கட்டியிருந்த புடவையோடு பேருந்தைப் பிடித்து ஷெஃபின் வீட்டுக்கு ஓடினேன்.

அடுப்பை அசைக்கவே வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். அதைச் சுற்றிப் பாதி வட்டத்துக்குத் தரையை வெட்டி இறக்கிவிடலாம், அந்தப் பள்ளத்தில் நிற்பவருக்கு அடுப்பின் வாய் இடுப்பளவு உயரத்தில் இருக்கும். எதிர்ப் பாதியில் தரை தரையாகவே இருக்கும், உட்காரத் தெரிந்தவர் உட்காரலாம். கம்பி வேலியைக் கடைகளும் பள்ளியும் சேரும் எல்லைக்குத் தள்ளிவிட்டால் கூட்டம் கிட்டே வராது. ஷெஃபின் என்னைப் பேசி முடிக்கவிடவில்லை. ஆர்மேனிய மொழியில் ஏதோ கத்திக்கொண்டு என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். எனக்குக் கூச்சத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அடுத்த வாரம் அட்டையில் மாதிரி செய்து அதிகாரியின் மேசையில் வைத்தோம். அவர் குனிந்து, தீப்பெட்டியளவு பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீர்க் குழாய் எங்கே, புகை எப்படிப் போகும், வெளியேறும் வழி எது என்று துருவினார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "நான் பள்ளத்துல நிக்கிறவங்க கட்சி" என்றார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே நகைச்சுவை அது.

திறப்பு விழாவன்று, தரையில் பதித்திருந்த வேசர் ஆற்றுப் பக்கத்துச் சிவப்பு மணற்கல் கழுவிவிட்டதில் ஈரமாக மின்னியது. உச்சித் துளையிலிருந்து வெயில் நேராக அடுப்பின்மேல் இறங்கியது. பள்ளிக்கு ஆசிரியையாக, துருக்கியிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்திருந்த ஓர் ஆர்மேனியப் பெண்மணியைத் தேடிப் பிடித்திருந்தோம். அவர் முதல் மாவை இழுத்து மெத்தையில் விரித்து, மரியாதையாக ஷெஃபினிடம் நீட்டினார். முதல் ரொட்டி அவர் கையால்தான் என்று எல்லோரும் கைதட்டினோம். பள்ளத்தில் தீயணைப்பு அதிகாரி கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தயாராக நின்றார். ஷெஃபின் குனிந்து ஓங்கி அறைந்தார். ரொட்டி சுவரில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நழுவி நெருப்பில் விழுந்து பொசுங்கியது. இன்னொன்று கொடுத்தார்கள். அதுவும் அதே வழியில் போனது. இத்தனை மாதமாக மாவின் பதம்வரை எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர் இவர்தானா என்று திகைத்துப் பார்த்தேன்.

ஷெஃபின் நிமிர்ந்தார். முகமெல்லாம் கரியும் சிரிப்புமாக இருந்தது. "நான் இதைச் செஞ்சதே இல்லை. எங்க அம்மாவும் செஞ்சதில்லை. அவங்க வளந்தது அநாதை விடுதியில. சின்ன வயசுல பாத்ததை மட்டும் எனக்குச் சொன்னாங்க. எனக்குத் தெரியாதுங்க. பின்ன எதுக்குப் பள்ளிக்கூடம் கட்டினேன்?" என்றார். ஆசிரியை பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். ஷெஃபின் செருப்பைக் கழற்றிவிட்டு, பாவாடையைச் சேர்த்துப் பிடித்து, அந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நானும் போய் அந்த வட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு ஊர் திரும்பி எவ்வளவோ கட்டிவிட்டேன். இன்று என்னிடம் வருகிறவர்கள் சமையலறைக்கு முதலில் கேட்பது அலமாரி எத்தனை என்றுதான். போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் கட்டியவரே முதல் மாணவியாக வந்து உட்கார்ந்த கட்டிடம், என் கை பட்டவற்றில் அந்த ஒன்றுதான்.