பூட்டுமுன் மூன்று தரம்

அந்தத் தேவாலயத்துக் காவலாளி எங்கடை ஆள், ஊரில் போருக்குத் தப்பி வந்தவர். மெலிந்த உடம்பு, குரல் மட்டும் பெரிது. கதவைப் பூட்டுமுன் வெறுங்கூடத்தைப் பார்த்து, "ஆரும் உள்ளை நிக்கிறியளோ?" என்று மூன்று தரம் தமிழில் கத்துவார்.

ரொறன்ரோவின் விளிம்பில், வயல்களுக்கு நடுவே விக்ரோரியா காலத்தில் எழுப்பிய கல்லுக்கோவில் அது. இன்று பாதுகாக்கப்பட்ட கட்டிடம். ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். நான் சுவர் விரிசல்களைப் படம்பிடிக்கப் போயிருந்தேன்.

அன்று பின்னேரம் அவர் பூட்டிவிட்டுத் திரும்பியபோது, செங்குத்தான கூரையில் ஏதோ முறிகிற சத்தம். அவர் என் கழுத்தைப் பிடித்து, சுவரைத் தாங்கும் முட்டுத்தூணின் மூலைக்குள் அடித்துச் சாத்தினார். உறைபனி மொத்தமாகச் சரிந்து இடிபோல விழுந்தது. நான் நின்ற இடத்தில் கமரா ஸ்டாண்ட் நொறுங்கிக் கிடந்தது. எனக்கு உதடு கிழிந்து வாயெல்லாம் இரத்தம்.

"பனிதான் அண்ணை, குண்டில்லை," என்றேன்.

அவர் ஓடிப்போய்க் கதவை இரண்டு கையாலும் குத்தினார். விரல் முட்டிகள் உரிந்து இரத்தம் பலகையில் அப்பியது.

"உள்ளுக்கை எத்தினை பேர்?" என்று என்னைக் கேட்டார்.

ஒருத்தருமில்லை என்று எத்தனை தரம் சொல்லியும் அவர் குத்துவதை நிறுத்தவில்லை. கதவைப் பூட்டிய திறப்பு அவருடைய இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.