அரை நோட்டு கூடிய கேசட்

கோவில்பட்டி பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ரெக்கார்டிங் சென்டரில் பதினொரு வருஷம் வேலை பார்த்தேன். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் பாட்டை வெட்டி ஒட்டுகிற பிள்ளைகள் சிலர், "அந்தக் காலத்து அனுபவத்தை எழுதுங்க சார்" என்கிறார்கள். ஏதோ இனிப்பாக எழுதுவேன் என்று நினைக்கிறார்கள் போல. அந்தப் பதினொரு வருஷத்தில் எனக்கு உருப்படியாக ஞாபகம் இருப்பது ஒரே ஒரு ஸ்குரூதான். அதைத் திருகி ஒரு நல்ல ஆளின் வாழ்க்கையைக் கெடுத்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன், பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

1. முதல் நாள் வேலை

தொண்ணூறுகளின் தொடக்கம். ரேடியோ மெக்கானிசம் படித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை அண்ணாச்சி கடையில் சேர்த்துக்கொண்டார். ஊரில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். எனக்கு முதலாளி.

ஆட்கள் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். நாங்கள் கேசட்டில் பதிந்து கொடுப்போம். கேசட்டில் அறுபது நிமிஷம், தொண்ணூறு நிமிஷம் என்று இரண்டு வகை. தொண்ணூறில் டேப் மெல்லிசு. எங்கள் ஊர் வெயிலுக்கும் கரிசல் புழுதிக்கும் டவுன் பஸ் பிளேயர் அதைத் தின்றுவிடும், டேப் வெளியே வந்து தொங்கும். அதனால் எல்லாரும் அறுபதுதான் கேட்பார்கள். ஆனால் கொண்டுவருகிற லிஸ்ட் மட்டும் அறுபத்தைந்து நிமிஷத்துக்கு இருக்கும். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் சண்டைக்கு வருவார்கள்.

அதற்கு அண்ணாச்சி ஒரு வழி வைத்திருந்தார். பதிகிற டெக்கை விட்டுவிட்டு, பாட்டு ஓடுகிற டேப் டெக்கை மட்டும் திருப்பி வைத்து, பின்பக்க மூடியைக் கழற்றிக் காட்டினார்.

"ஏலே, இங்கன பாரு. மோட்டாருக்குப் பொறத்தால ஒரு ஓட்டை இருக்கா? உள்ள சின்ன ஸ்குரூ. ஒரு துளி திருகு. பாட்டு கொஞ்சம் வெரசா ஓடும். எல்லாம் அறுபதுல அடங்கிரும்."

"பாட்டு மாறிராதா அண்ணாச்சி?"

"எவன் கண்டுபிடிக்கப் போறான்? பாடுதவன் வந்து கேக்கப் போறானா?"

யாரும் கேட்கவில்லை. மாறாகப் பாராட்டினார்கள். "உங்க கடை கேசட்டுல மட்டும் பாட்டு துள்ளுதுல்லா" என்று பஸ் டிரைவர்கள் சொல்லிச் சொல்லிக் கூட்டம் சேர்ந்தது. அது என் கைராசி என்று நானும் கொஞ்ச நாளில் நம்ப ஆரம்பித்துவிட்டேன். என் கையெழுத்து வேறு நன்றாக இருக்கும். கேசட் அட்டையில் பாட்டுப் பெயர்களை ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொடுத்தால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

2. கப்பலில் வந்த கேசட்

ஊரில் ராக் இசை கேட்கிறவர்கள் அஞ்சாறு பேர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் கூடுவார்கள். அவர்களுக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஒரு கிட்டார்காரர் மேல் பைத்தியம். 'தலைவர்' என்றுதான் சொல்வார்கள். இந்தக் கூட்டத்துக்குத் தலைமை பாலிடெக்னிக் வாத்தியார் வரதராஜன் சார். பேசிக்கொண்டே இருப்பார். பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறவர் ஜெபசிங்.

ஜெபசிங்குக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான். இங்கே ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். சர்ச்சில் பாட்டுக்குக் கிட்டார் வாசிப்பார். அவர் வாசிப்பதை ஒருதரம் கேட்டால் போதும், மில்லில் கிடக்க வேண்டிய ஆள் இல்லை என்பது தெரிந்துவிடும்.

அவருடைய சொந்தக்காரர் ஒருவர் தூத்துக்குடிக்காரர், கப்பலில் வேலை. அவர் ஒரு தொண்ணூறு கேசட் கொண்டுவந்தார். தலைவர் பேர் வாங்குவதற்கு முன்னால், யார் யாரோ பாடியதற்குப் பின்னால் ஸ்டுடியோவில் கூலிக்கு வாசித்த பாட்டுகள். இந்தியாவில் எங்கேயும் கிடைக்காது என்று வரதராஜன் சார் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரே நாள்தான் இரவல். மறுநாள் அந்தக் கேசட் கப்பலேறிவிடும்.

ஒரு பக்கத்துக்கு முப்பத்திரண்டு நிமிஷம் இருந்தது. கடையில் இருந்ததெல்லாம் அறுபது. நான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்த் திருகிவிட்டது. மூன்று காப்பி போட்டு, அட்டை எழுதி, பக்கத்துக் கடைக் கடலை மிட்டாயோடு ஒரிஜினலைத் திருப்பிக் கொடுத்தோம்.

3. ஞாயிற்றுக்கிழமை ஆராய்ச்சி

அதற்குப் பிறகு ஒரு வருஷம் அந்தப் பாட்டுகளைத் தவிர வேறு பேச்சு இல்லை.

தலைவர் பிற்காலத்தில் வாசித்த கம்பெனி கேசட்டுகள் வரதராஜன் சாரிடம் இருந்தன. அதில் ஒரு பாட்டு, பழைய பாட்டையே திரும்ப வாசித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார்.

"கவனிச்சீங்களா? பழசுல சுருதி அரை நோட்டு கூட இருக்கு. ஒரு பாட்டுல இல்ல, எல்லாப் பாட்டுலயும். கம்பியை அரை நோட்டு ஏத்திக் கட்டியிருக்காரு மனுஷன். வேகமும் அதுல கூட. பேரும் பணமும் வந்தபொறவு கை தளந்துட்டு. அந்த நெருப்பு போச்சு."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. கம்பியை ஏற்றியது தலைவர் இல்லை, நான். கிட்டார் தெரியாவிட்டாலும் மோட்டார் எனக்குத் தெரியும்.

அண்ணாச்சியிடம் தனியாகச் சொன்னேன்.

"வாயைத் தொறந்தியோ பாரு" என்றார். "இவனுவளுக்குச் சொன்னா ஊரு பூரா தெரியும். பொறவு ஒவ்வொருத்தனும் கேசட்டைத் தூக்கிட்டு வருவான். ஒனக்கும் வேலை இருக்காது, எனக்கும் கடை இருக்காது."

சொல்லாமல் இருந்ததற்கு அண்ணாச்சியைக் காரணம் காட்டலாம். பல வருஷம் அப்படித்தான் காட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கே வெட்கமாக இருந்தது. என்னைப் பெரிய டெக்னீஷியன் என்று மதித்து 'அண்ணே' என்கிறவர்கள் முன்னால் ஸ்குரூ திருகியவன் என்று நிற்க மனசு வரவில்லை.

ஜெபசிங் இதற்குள் கிட்டார் கம்பியை அரை நோட்டு ஏற்றிவிட்டார். கம்பி அறுந்து அறுந்து போகும். மதுரையில் இருந்து வாங்கி வந்து மாட்டுவார். ஷிஃப்ட் முடிந்து வந்து நாலு மணி நேரம் கேசட்டோடு சேர்ந்து வாசிப்பாராம். விரல் நுனியில் தோல் உரிந்து பிளாஸ்திரி ஒட்டியிருக்கும்.

"ஏன் இப்படி ஒடம்பைக் கெடுக்கியோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவரு கூலிக்கு வாசிச்ச காலம்லா அண்ணே. அந்தக் காலத்துலயே இப்படி வாசிச்சிருக்காரு. நம்மளும் கூலிக்காரன்தானே, நமக்கு ஏன் வராதுன்னு பாக்கேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தேன்.

4. ஜெபசிங் புறப்பட்டது

அந்தக் கப்பல்காரர்தான் மறுபடி வந்து சொன்னார். பயணிகள் கப்பலில் வாசிக்கிற ஒரு பேண்டுக்குக் கிட்டார் ஆள் தேவை. சென்னையில் ஆள் எடுக்கிறார்கள். அந்தப் பழைய பாட்டுகளில் ஒன்றை அவர்களோடு சேர்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். தேறினால் வருஷத்தில் எட்டு மாசம் கப்பலில்.

மில்லில் லீவு தரவில்லை. ஜெபசிங் வேலையை விட்டுவிட்டார்.

கிளம்புகிற அன்று மத்தியானம் கிட்டாரோடு கடைக்கு வந்தார். என் கேசட்டை என் டெக்கிலேயே போடச் சொல்லி, கூடவே முழுப் பாட்டையும் வாசித்தார். எது கேசட், எது ஜெபசிங் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் கடை வாசலில் கூடிவிட்டார்கள். வரதராஜன் சார் அழுதுவிட்டார்.

"எப்போதும்வென்றான்காரன் தோத்துட்டு வந்தா ஊரு பேரை மாத்தணும்லேய்" என்று அண்ணாச்சி சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஜெபசிங் என் கையைப் பிடித்தார். "ஒங்க கேசட்டு இல்லைன்னா நான் மில்லுலயே கெடந்திருப்பேன் அண்ணே. போயிட்டு வாரேன்."

சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். இப்போது சொன்னால் பையன் பதறிவிடுவான், அரை நோட்டுதானே, போன இடத்தில் சுருதி பார்த்துச் சரிசெய்துகொள்வான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைக்குச் சமாதானம் சொல்லத் தெரியாமல் இருக்குமா? ரயிலுக்கு நேரமாகிறது என்று ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தேன்.

5. திரும்பி வந்தது

நாலாம் நாள் காலையில் வந்தார். கடையில் நான் மட்டும். கேசட்டைக் கல்லா மேல் வைத்தார்.

"நான் ஆரம்பிச்ச ஒடனே டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழ வச்சிட்டாரு. என்ன தம்பி, நீ தனியா வேற பாட்டு வாசிக்கிறியாங்காரு. பொறவு வெளிநாட்டுல வாங்குன சிடியைப் போட்டுக் காட்டுனாவ. அரை நோட்டு கீழ இருக்கு அண்ணே. வேகமும் கம்மி. அங்கனயே கம்பியை எறக்கி வாசிச்சேன். கை கேக்கல. மூணு தடவை முந்தி ஓடிட்டு. ரெண்டு நாள் கெடைச்சிருந்தா சரி பண்ணியிருப்பேன். அவிய பத்து நிமிஷம்தான் தந்தாவ."

நான் கேசட்டை எடுத்து அட்டையைத் துடைத்து வைத்தேன்.

"இதுல நீங்க ஏதும் பண்ணீங்களா அண்ணே?"

"கரண்ட்டுடே" என்றேன். "நம்ம ஊருல வோல்டேஜ் ஏறி எறங்கும்லா. அன்னைக்கு ஏறியிருக்கும்."

அவர் ஃபிட்டர் என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோனது.

"டெக்குல இருக்கது டிசி மோட்டாருல்லா? உள்ள ரெகுலேட்டர் உண்டே. கரண்ட்டு ஏறுனா இது எப்படி ஓடும்?"

ஜெபசிங் கவுண்டருக்கு உள்ளே வந்து டெக்கைத் திருப்பினார். தினமும் திருகுவதால் மூடியை நாங்கள் திரும்ப மாட்டுவதே இல்லை. குனிந்து அந்த ஓட்டைக்குள் பார்த்தார்.

"ஸ்குரூ பள்ளம் தேஞ்சே போச்சே அண்ணே" என்றார்.

சத்தம் போடவில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு ஒரு வழி பிறந்திருக்கும். டெக்கைப் பழையபடி திருப்பி வைத்துவிட்டு, கேசட்டை எடுக்காமல் போய்விட்டார். மில்லில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கடைப் பக்கம் அவர் வரவே இல்லை.

6. தலைவரின் ரசிகர்கள்

சிடி வந்து, எம்பி3 வந்து, எங்கள் கடை மூடிப்போனது. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள் வரதராஜன் சார் என்னை ஒரு பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனார். அவருடைய மாணவன் ஒருவன் எங்கள் கேசட்டை எம்பி3 ஆக்கி, தலைவரின் ரசிகர்கள் கூடிப் பேசுகிற இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறான். எந்தெந்த நாட்டுக்காரர்களோ அதைப் பற்றி நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தார்கள். இது இதுவரை வெளிவராத வேறொரு பதிவு என்றான் ஒருவன். ஒரு விநாடிக்கு எத்தனை நோட்டு என்று எண்ணிப் போட்டிருந்தான் இன்னொருவன். மனிதக் கையால் இப்படி வாசிக்க இவர் ஒருவரால்தான் முடியும் என்று மூன்றாவது ஆள். சார் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி, உச்சி குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி, அறுபது நிமிஷம், மோட்டார், ஸ்குரூ, எல்லாம்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "இத்தனை பேரு ஒத்துக்கிட்ட விஷயத்துல நீங்க வந்து ஸ்குரூங்கிதீங்க. டெக்கு ரிப்பேர் பாக்குறவருக்குத் தலைவர் கை எப்படித் தெரியும்? சும்மா இருங்க." கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிப் பதில் டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

நேராக எட்டயபுரம் ரோட்டுக்குப் போனேன். அங்கேதான் ஜெபசிங் எரிந்த மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்து ஸ்டூலைத் தள்ளிப்போட்டார். மன்னிப்புக் கேட்டேன். பிரவுசிங் சென்டரில் பார்த்ததையும் சொன்னேன். அவர் கம்பி சுற்றுகிற கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த வேகத்துல நெசமாவே வாசிச்சவன் தலைவர் இல்ல. நான் ஒருத்தன்தான். அப்படித்தானே அண்ணே?"

"ஆமா" என்றேன்.

"அது இங்கன நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு எத்தனையாவது சுற்று என்று விட்ட இடத்தில் இருந்து எண்ணத் தொடங்கினார்.

கிட்டார் இருக்கிறதா என்று கேட்டேன்.

"வீட்டுல கெடக்கு. அன்னைக்கு வந்து திரும்ப அரை நோட்டு ஏத்தி வச்சேன். எறக்கவே இல்ல. இழுத்து இழுத்துக் கழுத்து வளைஞ்சு போச்சு. இனி அது எதுக்கும் ஆவாது."

இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் இதில் என்ன பாடம் என்று கேட்பீர்கள். பாட்டை வேகமாக்குங்கள், மெதுவாக்குங்கள், அது உங்கள் தொழில், வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. செய்ததைச் சொல்லிவிடுங்கள். 'வேகம் கூட்டியது' என்று ரெண்டே வார்த்தை. ஜெபசிங் விட்டுப்போன கேசட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அட்டையை எடுத்துப் பார்த்தேன். முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். கடைசிப் பாட்டுக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு இடம் இருக்கிறது.