நான்கு வீல், நான்கு பொட்டு

எனக்குக் கோபம் முதலில் வரும். யோசனை பின்னால் ஆட்டோ பிடித்து வரும். என்னோடு சேர்ந்து கார் பெயின்ட் ஷெட் நடத்தும் பாய் பத்தொன்பது வருடமாக இதைப் பொறுத்துக்கொண்டதே பெரிய விஷயம். ஒடுக்கு எடுப்பதும் தேய்ப்பதும் அவர் வேலை. பெயின்ட் அடிப்பது நான்.

மூன்று வருடத்துக்கு முன், செங்கம் ரோட்டில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் நான்கு அலுமினிய அலாய் வீல்களை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து போட்டார். இரும்பு துருப்பிடித்தால் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். அலுமினியம் அப்படியில்லை. தேய்த்த சற்று நேரத்திலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதன் மேல் பெயின்ட் நிற்காது. எனவே பாய் எமரி பேப்பரால் தேய்த்து, தின்னரால் துடைத்த கையோடு நான் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்துவிட வேண்டும். இடையில் விரல்கூடப் படக் கூடாது.

இரண்டே மாதத்தில் ஒரு வீல் திரும்பி வந்தது. விளிம்பில் விரல் நுனி அகலத்துக்குப் பெயின்ட் உரிந்திருந்தது.

“கையாலதான் தேய்ச்சீங்களா பாய், இல்ல காலாலயா?” என்று வண்டிக்காரர் எதிரிலேயே கத்தினேன்.

பாய் கையைக் கழுவிக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவர் இல்லாத ஷெட்டில் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அந்த வாரக் கடைசியில் மற்ற மூன்று வீல்களும் வந்தன. மூன்றிலும் ஒரே ஒரு இடம், அதே அளவு. என் மோதிர விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது. வேலை தொடங்குமுன் வண்டிக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வழக்கம். இந்த வீல்களுக்குப் பெயின்ட் அடித்த அன்று வண்டி இல்லை. அதனால் பாய் துடைத்து வைத்த வீல்களிலேயே பொட்டு வைத்துக் கும்பிட்டு, பழந்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அடித்திருந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

அன்று பௌர்ணமி. ரோடெல்லாம் மறித்திருந்தார்கள். கிரிவலக் கூட்டத்துக்கு எதிராக நடந்தே அவர் வீட்டுக்குப் போனேன்.

“தப்பு என்னுது பாய். பொட்டு வெச்ச எடம்தான் உரிஞ்சிருக்கு.”

“தெரியும்ணா. அன்னிக்கே பார்த்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“வேற எதுனாலும் சொல்லியிருப்பேன். சாமிக்கு வெச்சதை நான் எப்படி தொடைக்கச் சொல்றது?”

“நான் கத்தினப்பவாவது?”

“அந்த வண்டிக்காரரு முன்னாடியா?” என்றார்.

அதுவரை பதினாறு வருடம் ஒரே ஷெட்டில் டீ குடித்திருந்தோம். இதைச் சொல்லக்கூட அவருக்கு நான் இடம் வைக்கவில்லை. “நாளைக்கு வந்துடுங்க பாய்” என்றேன்.

மறுநாள் பாய் வந்தார். நான்கு வீல்களையும் உரித்து மறுபடி தேய்த்தார். தின்னரைத் தொடுமுன் சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் பொட்டு வைத்துக் கும்பிட்டேன்.

“தொடைங்க பாய்” என்றேன்.

தின்னர் நனைத்த துணியோடு அவர் கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்கதான் தொடைக்கணும்.”

மெதுவாகத் துடைத்தார், கொஞ்சமும் மிச்சமில்லாமல். நான் கை படாமல் பிரைமரை அடித்தேன்.