கொல்லன் கடந்த கணவாய்

என் மகள் நுழைவுத் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றுவிட்டாள். மூன்று நாட்களாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. கதவருகே நின்று ஏதாவது சொல்ல வாயெடுத்தால் சித்தப்பாவின் முகம் வந்து நிற்கிறது. அப்படியே திரும்பிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பில், சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டு சித்தப்பா ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்தார். மூன்று தடவை தோற்றாகிவிட்டது. நான்காவதுதான் கடைசி வாய்ப்பு. மாலையில் என்னை மலை மந்திர் முருகன் கோவில் வரை நடத்திச் சென்று கதை சொல்வார். தலையணை கனத்தில் ஐந்து பாகங்களாக ஆங்கிலத்தில் வந்த மாயலோகக் கதை. அதன் அரசர்களும் டிராகன்களும் எனக்குப் பொருட்டே இல்லை. பனிக்கணவாயில் ஏறி ஏறி மூன்று முறை உருண்டு விழுந்த, கால் விந்தி நடக்கும் கொல்லன்தான் என் ஆள். நான்காம் முறை அவன் கடந்துவிட்டான் என்று சித்தப்பா சொன்னபோது கோவில் படியிலேயே நின்று கைதட்டினேன்.

பிறகு வகுப்புத் தோழன் ஒருவன் அந்தத் தொடரின் துணைநூலைக் கொடுத்தான். வரைபடங்கள், வம்சாவளி, யார் எப்படிச் செத்தார்கள் என்ற அகராதி எல்லாம் அதில் இருந்தன. நான் முதலில் தேடியது கொல்லனை.

ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் வீட்டில் இருந்தார்.

"சித்தப்பா, நீங்க சொன்னது ஜூட்! பொய்! மூணாவது தடவையே கொல்லன் பனியில புதைஞ்சு செத்துட்டான்."

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தாமலே சிரித்தார். "ஏண்டா தம்பி, ஐ.ஏ.எஸ். சிலபஸ்ல இதெல்லாமா வருது?"

சித்தப்பாவும் சிரிக்கப் பார்த்தார். "சும்மா கொஞ்சம் மாத்தினேன்டா. அவன் ஏறினா என்ன இப்போ?"

"அச்சா? புக்ல செத்தவன் எப்படி ஏறுவான்?" விடுவேனா நான்? பக்கத்தைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

வாங்கிப் படித்தார். மூன்றே வரிக் குறிப்பு. வெகுநேரம் படித்தார்.

"நீ சொல்றதுதான் சரி" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

தேர்வுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஊருக்கு ரயிலேறிவிட்டார். அதை எழுதவே இல்லை.

மூன்று வரிக்கு அவ்வளவு நேரமா என்றுதான் எனக்கு அன்று வியப்பு. சித்தப்பாவுக்கு ஆங்கிலம் சரியாக வராது, அதனால்தான் தோற்கிறார் என்று தோழனிடம் விளக்கமாகச் சொன்னேன்.