ஒரே தாளில் அமாவாசையும் பதினெட்டும்

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மண்டிக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். அந்த ஒரு தாளை மட்டும் பத்து நாள் முன்பே புரட்டிப் பார்த்துவிட்டேன். ஆடி பதினெட்டு. அதே நாளில் ஆடி அமாவாசை. போதாததற்குக் குருப்பெயர்ச்சியும். மூன்றையும் சொல்ல இடம் பற்றாமல் எழுத்தை நெருக்கியிருந்தார்கள். தாளின் பின்பக்கம் ‘வரலாற்றில் இன்று’. யாரோ ஒரு விஞ்ஞானி பிறந்த நாள். அதற்குக் கீழே, ஈராக் படை குவைத்துக்குள் புகுந்த நாள்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். வரலாறு எனக்குத் தெரியாது. அந்தக் கடைசி வரி மட்டும் தெரியும்.

என் அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், குவைத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். கல்யாணமாகி நாலு மாதத்தில் போனார். அவர் போன அடுத்த வருடம் படை புகுந்தது. சாயங்காலம் ரேடியோவில் செய்தி வந்தது. மறுநாள் ஆடிப்பெருக்கு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் அக்கா அழுதுகொண்டே தாலிக் கயிற்றை மாற்றிக்கொண்டாள் என்று பிற்பாடு சொன்னார்கள். நான் அப்போது பம்பாயில் ஒரு இட்லிக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயது.

அங்கே மாட்டிக்கொண்டவர்களை பம்பாய்க்குத்தான் பிளேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். மாமாவின் கல்யாணப் போட்டோவை வைத்து அக்கா எனக்குக் கடிதம் போட்டாள். தினமும் போய்ப் பார், ஒரு நாளும் விட்டுவிடாதே என்று எழுதியிருந்தாள்.

மூன்று நாள் போனேன். ஏர்போர்ட் வாசலில் அத்தனை பேர் போட்டோவோடு நின்றார்கள். வெளியே வருகிறவர்கள் கையில் ஒரு பை, சிலருக்கு அதுவும் இல்லை. போட்டோவைக் காட்டினால் பார்க்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நாலாவது நாள் காலை, கோவாவில் படகு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கூட இருந்தவன் சொன்னான். எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. கிளம்புவதற்கு முன் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து ஒரு இன்லேண்ட் லெட்டர் எழுதினேன். புதுக்கோட்டைக்காரர் ஒருவரைப் பார்த்தேன், அவர் ஜோர்டானில் அம்மான் நகரத்து முகாமில் மாமாவைப் பார்த்தாராம், நல்ல சுகம், அடுத்த பிளேனில் வந்துவிடுவார்.

அப்படி ஒருவரை நான் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் மாமா வந்துவிடுவார், அப்போது அது பொய்யாக இருக்காது என்று நினைத்தேன்.

மாமா வரவில்லை. இரண்டு வருடம் கழித்து நான் ஊருக்கு வந்தபோது, புதுக்கோட்டைக்காரர் எப்படி இருந்தார் என்று அக்கா கேட்டாள். நீலச் சட்டை என்றேன். அடுத்த முறை கேட்டாள், முன்பல் கொஞ்சம் உடைந்திருந்தது என்றேன். புதுக்கோட்டையில் அவள் எத்தனை பேரிடம் விசாரித்தாள் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொண்டேன்.

இருபத்தாறு வருடம் அவள் தாலியோடு, மாமாவின் அண்ணன் வீட்டுப் பின்கட்டில், அடையவளஞ்சான் தெருவில் இருந்தாள். சேலைகளுக்கு ஃபால் தைத்துப் பிழைத்தாள். பன்னிரண்டு வருடம் ஆனதுமே காரியம் செய்துவிடலாம் என்று அந்த அண்ணன் கேட்டார். அவள் இன்லேண்ட் லெட்டரை எடுத்துக் காட்டினாள். அவரும் நல்ல மனிதர்தான், பிறகு கேட்கவில்லை. இப்போது அவர் மகளுக்கு வரன் வந்து வந்து கலைந்தது. எள்ளும் தண்ணீரும் கிடைக்காத ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். கடைசியாக வந்த வரன் ஆவணியில் முடிக்க வேண்டும் என்றது. நிறைந்த அமாவாசையாகப் பார்த்து நாள் குறித்துவிட்டு எனக்குச் சொல்லியனுப்பினார். கணவன் காரியத்தன்று பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது நான்தான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். அக்காவுக்குச் சேலை என்றதும், “பதினெட்டுக்குச் சீர் கொடுக்கவாங்க?” என்று கடைக்காரர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் மஞ்சளும் சிவப்புமாக விரித்தார். எதற்கும் பொருந்துகிற மாதிரி வெளிர் பச்சையில் சின்னக் கட்டம் போட்டது ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. பண்டிகைக்கென்று திறந்துவிட்ட தண்ணீர் கீழ்ப்படிகளைத் தொட்டு ஓடியது. ஒரு பக்கம் நாற்பது ஐம்பது பேரை வரிசையாக உட்காரவைத்து ஒரே குரலில் தர்ப்பணம். அதற்கு நாலடி தள்ளிப் புதுப்பெண்கள் காதோலை, கருகமணி, தேங்காய் வைத்துக் கும்பிட்டுக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விட்ட எள் இன்னொருவர் விட்ட பூவோடு சேர்ந்து போயிற்று.

மாமாவின் அண்ணன் மனைவி பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தார். “இன்னைக்குப் போய் எவளாவது தாலியைக் கழட்டுவாளா? காலண்டரை முழுசாப் பாக்க மாட்டீங்களா?”

“அமாவாசை மட்டும்தான் பாத்தேன். பதினெட்டும் அன்னைக்கே வந்து நிக்கும்னு யாரு கண்டா?” என்றார் அவர். தள்ளிப்போட்டால் மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

அக்கா கீழ்ப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மடியில் மஞ்சள் கயிறு ஒன்று புதிதாக வாங்கி வைத்திருந்தாள். அதன் மேல் அந்த இன்லேண்ட் லெட்டர், மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் துணி ஒட்டித் தைத்தது. என்னைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

“நீ சொல்லு தம்பி,” என்றாள். “அவரைப் பார்த்த ஆளைப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். நீ காரியம் வேணாம்னு சொன்னா இந்தக் கயித்தைக் கட்டிக்கிட்டு இன்னைக்கே அந்த வீட்டை விட்டுக் கிளம்பிடறேன். எங்கயாவது தச்சுப் பொழைச்சுக்கறேன்.”

அவளுக்கு நாற்பத்தாறு வயது. போக இடம் கிடையாது. எனக்கும் ஒரு வாடகை அறைகூடக் கிடையாது. மேலே ஐயர் கோத்திரம் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம், அது சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

“அப்படி ஒரு ஆளே இல்லைக்கா,” என்றேன். “நானா எழுதினது.”

பக்கத்தில் ஒரு புதுப்பெண்ணை அவள் நாத்தனார்கள் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“நீலச் சட்டை?”

“அதுவும்தான்.”

“ஏர்போர்ட்டுக்காவது போனியா?”

“மூணு நாள் போனேன்.”

“அதுக்கப்புறம் எத்தனை நாள் பிளேன் வந்துச்சு?”

“ரெண்டு மாசம் வந்துச்சுன்னு சொன்னாங்க.”

அவள் தலையை ஆட்டினாள், ஃபாலுக்குத் துணி அளவு சொன்னால் ஆட்டுகிற மாதிரி. அழவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய் அண்ணன் மனைவியின் முன் நின்றாள். கழுத்துக்குப் பின்னால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். மஞ்சள் ஊறி இறுகிப்போயிருந்தது. பர்ஸிலிருந்து நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்துத் தானே வெட்டினாள். தாலி பாலில் விழுந்தது. பக்கத்திலிருந்த மாமியார் ஒருத்தி தன் மருமகளின் முகத்தைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினாள்.

மாமாவின் அண்ணன் எள்ளும் தண்ணீரும் விட்டார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். நான் சேலையை நீட்டினேன். அக்காவின் கட்டைவிரல் பழக்கத்தில் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

“இது வேணாங்க,” என்றாள் அவரிடம்.

“பிறந்த வீட்டுக் கோடி இல்லாம காரியம் முடியாதும்மா.”

“முடிஞ்ச வரைக்கும் போதுங்க.”

ஈரச் சேலையோடு படியேறிப் போனாள். புதுக் கயிறும் கடிதமும் கீழ்ப்படியில் கிடந்தன. கயிற்றைத் தொட எனக்கு உரிமையில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

மாமாவின் அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. என்னைக் கூப்பிடவில்லை. மாமா செத்துவிட்டாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. இப்போது நான் மூட்டை தூக்குவது வேறு ஊரில். பையில் அந்தப் பச்சைச் சேலை இருக்கிறது, ஃபால் தைக்காமல்.