ஓடாத ராணி

சாத்தூர் சாலையில் இருக்கும் அந்த நிகழ்த்துகலைக் கல்லூரியில் மாணவர் மன்றங்களுக்குப் பஞ்சமே இல்லை. நடன மன்றத்தில் சேர அடித்துக்கொள்வார்கள். தாளவாத்திய மன்றத்துக்கு மின்விசிறியோடு தனி அறை உண்டு. கிராமியக் கலை மன்றத்தில் கரகம் எடுப்பவர்களும் ஒயில் ஆடுபவர்களும் பேச்சுவார்த்தையில் இல்லை. ஆனாலும் விழா நாளில் ஒன்றுகூடிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நாடக மன்றத்துக்கு என்று இருந்ததெல்லாம் உடைகள் வைக்கும் அறையில் ஒரு மூலையும், வேல்விழியும்தான்.

வேல்விழி நாரணாபுரத்துப் பெண். அம்மா கருப்பம்மாள் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி செருகுகிறவள். மகள் கரகம் படிக்கத்தான் இந்தக் கல்லூரிக்கு வந்தாள். முதல் வருஷம் ஏதோ ஒரு நாடகத்துக்கு ஆள் போதவில்லை என்று அவளை மரமாக நிறுத்தினார்கள். மரத்துக்கு வசனம் கிடையாது, அசையவும் கூடாது. அதற்கே அவளுக்கு நாடகக் கிறுக்குப் பிடித்துவிட்டது. மூத்த மாணவர்கள் படிப்பு முடிந்து போனதும் மன்றத்தின் செயலாளர், கதாசிரியர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாம் அவளே ஆனாள்.

முதல்வர் லட்சுமிகாந்தம் மிருதங்க வித்வான். நல்ல மனிதர்தான், ஆனால் நாடகம் என்றால் அவருக்கு ஆகாது. போன வருஷ மன்ற விழாவில் நாடகம் ஆரம்பித்ததும் கூட்டம் டீ குடிக்க எழுந்து போனது, திரும்பி வரவே இல்லை. மரியாதைக்காக அவர் ஒருவர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை.

"இந்த வருஷம் நாடகம் முடியிற வரைக்கும் அரங்கத்துல நாற்காலி நிறைஞ்சிருக்கணும்மா. பாதியில காலியாச்சுன்னா, உங்க மன்றத்தை நடன மன்றத்தோட சேர்த்துருவேன்" என்றார் வேல்விழியிடம்.

நடன மன்றத்தில் சேர்ந்தால் தன் கதி என்ன என்று அவளுக்குத் தெரியும். கடைசி வரிசையில் தாம்பாளம் ஏந்தி நிற்க வேண்டியதுதான். மறுபடியும் மரம். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

அழுது முடித்துவிட்டு, ஒலியும் ஒளியும் பார்த்துக்கொள்ளும் சைஃபுல்லாவிடம் போனாள். விருதுநகரில் அவன் அத்தா செய்யது அபுதாஹிர் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர். வீட்டுக்கு யார் வந்தாலும் வயிறு நிறையாமல் அனுப்பாத குடும்பம். பையனுக்கும் அந்த விருந்தோம்பல் ரத்தத்திலேயே ஊறியிருந்தது. இந்தக் கதையில் நடந்த அத்தனை கூத்துக்கும் அதுதான் காரணம்.

"எங்க ஊர்க்காரவுகளக் கூட்டிட்டு வந்துருவோம்லே. தீபாவளி முடிஞ்சு கம்பெனியெல்லாம் பூட்டித்தான கெடக்கு. உக்காந்தாகன்னா எந்திரிக்க மாட்டாக. விடியவிடியக் கூத்துப் பாக்குற சனம்" என்றாள் வேல்விழி.

"வரட்டும். சேவும் காபியும் என் பொறுப்பு" என்றான் சைஃபுல்லா.

நாடகத்தை வேல்விழியே எழுதினாள். வெள்ளைக்காரன் படை ஒரு பாளையத்தைச் சூழ்ந்துகொள்கிறது. ராஜா துப்பாக்கிச் சூட்டில் விழுகிறார். மந்திரி, தளபதி, சேவகன் எல்லோரும் ஓட, ராணி மட்டும் நின்று, "எல்லோரும் ஓடட்டும். இந்த ராணி ஓட மாட்டாள்" என்று முழங்குகிறாள். முழங்குவது வேல்விழிதான் என்று சொல்லத் தேவையில்லை. உடைகள் வைக்கும் அறையிலிருந்த பீரோவைப் பார்த்து அந்த வசனத்தை எத்தனை முறை சொன்னாளோ, பீரோவுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

சைஃபுல்லாவிடம் ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொன்னாள். "துப்பாக்கிச் சத்தம் வேணாம். உடுக்கைய லேசா அடிச்சாப் போதும்."

காரணத்தைச் சொல்லவில்லை. நாரணாபுரத்தில் யாரும் அதற்குக் காரணம் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடிப் பொட்டவெளியில் நிற்க வேண்டும் என்பது அங்கே பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்போதே சொல்லிக்கொடுக்கும் பாடம். கருப்பம்மாளின் இடது கையில் தோள்வரைக்கும் தீத்தழும்பு உண்டு. ஒரு தடவை கம்பெனியில் வெடிச்சத்தம் கேட்டு எல்லோரும் ஓடியபோது, சோற்று வாளியை எடுக்கத் திரும்பியதால் வந்தது. ஊரே அறிந்த இந்தச் சங்கதி ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது என்பது வேல்விழிக்குத் தோன்றவே இல்லை.

சைஃபுல்லா தலையை ஆட்டினான். ஆனால் அவன் மனசு கேட்கவில்லை. வெடி ஊர்க்காரர்களை வரவழைத்து, வெடிச்சத்தம் இல்லாத நாடகத்தைக் காட்டி அனுப்புவதா? மிளகாய் வியாபாரி வீட்டில் உப்புச்சப்பில்லாத குழம்பு ஊற்றிய மாதிரி அல்லவா ஆகிவிடும்? வேல்விழிக்கும் ஒரு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று, பெரிய ஒலிபெருக்கி இரண்டை வாடகைக்கு எடுத்துத் திரைக்குப் பின்னால் வைத்தான். சத்தத்தையும் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்துவைத்தான்.

விழா நாளில் கம்பெனி பஸ்ஸில் சனம் வந்து இறங்கியது. அரங்கம் நிறைந்து, பின்னால் நிற்கவும் ஆள் இருந்தது. கருப்பம்மாள் முன்வரிசையில் முதல்வருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் பங்குச் சேவுப் பொட்டலத்தை அவருக்கும் நீட்டினாள். அவரும் கொறித்தார். நாடகம் நடந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வில்லனைப் பெண்கள் வாய்விட்டே வைதார்கள். முதல்வர் முகத்தில் சிரிப்புக்கூட வந்தது. மேடையிலிருந்து அதைப் பார்த்த வேல்விழிக்கு, மன்றம் தப்பித்தது என்று நெஞ்சு குளிர்ந்தது.

வெள்ளைக்காரத் தளபதி துப்பாக்கியைத் தூக்கினான். சைஃபுல்லா பொத்தானை அமுக்கினான்.

சும்மா சொல்லக்கூடாது, அருமையான சத்தம். சன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

யாரும் கத்தவில்லை, முட்டி மோதவில்லை. இருந்த வாசல் அத்தனையிலும் பிரிந்து, பிள்ளைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு, செருப்பையும் பையையும் போட்டது போட்டபடி சனம் வெளியேறிவிட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சுட்ட வெள்ளைக்காரத் தளபதியும் கூட்டத்தோடு ஓடிவிட்டான். உள்ளே மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவன் மேடையில் கண்ணை மூடிச் செத்துக்கிடந்த ராஜா பிரபாகரன், விருதுநகர் டவுன் பையன். இன்னொருவன் கைதட்டலுக்காகக் காத்து நின்ற சைஃபுல்லா.

ராணி எங்கே என்கிறீர்களா? ராணிதான் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள். செத்த ராஜாவைத் தாண்டிக் குதித்து, பக்கவாட்டு வாசல் வழியாகப் பாய்ந்து, மைதானத்தின் நடுவில் போய் நின்றபிறகுதான் தலையில் கிரீடம் இருப்பது அவளுக்கு உறைத்தது. திரும்பினால் ஊர் மொத்தமும் பின்னால் நிற்கிறது. முதல்வரும் நிற்கிறார், ஒரு கால் செருப்போடு. அவர் மணிக்கட்டைக் கருப்பம்மாள் இன்னும் விடவில்லை.

சைஃபுல்லா வெளியே வந்தான். வேல்விழி முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு அப்படியே வடிந்தது. நடந்ததைச் சொல்லி, "தெரியாமப் பண்ணிட்டேம்மா. நீங்க ரசிப்பீகன்னு நெனச்சேன்" என்று கருப்பம்மாள் முன்னால் கையைப் பிசைந்தான்.

"அட, ரேடியோச் சத்தமா?" கருப்பம்மாள் மூச்சை விட்டாள். "நல்லாத்தான்ய்யா இருந்துச்சு. எங்க கம்பெனி வெடிகூட இம்புட்டுச் சுத்தமா வெடிக்காது."

மைதானம் முழுக்கச் சிரிப்புப் பரவியது. முதல்வர் மட்டும் சிரிக்கவில்லை.

"நாற்காலியெல்லாம் காலியாயிருச்சேம்மா" என்றார் வேல்விழியிடம். அவள் கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"நீங்களும்தான எந்திரிச்சு வந்தீக?" என்றாள் கருப்பம்மாள்.

"நீங்கதானே இழுத்துட்டு வந்தீங்க."

"பின்ன, உள்ள விட்டுட்டு வரச் சொல்லுதீகளா?"

அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண், "ராசா செத்துட்டாரா, பொழைச்சாரா? அதச் சொல்லாம நாங்க பஸ்ஸுல ஏற மாட்டோம்" என்றாள். ஆமாம் ஆமாம் என்று சனம் அங்கேயே தரையில் வட்டமாக உட்கார்ந்துவிட்டது. முதல்வரும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

ராஜாவைக் கூப்பிட்டு வந்தார்கள். நெருஞ்சி இல்லாத இடமாகப் பார்த்து, முனகிக்கொண்டே மறுபடியும் செத்தார். வேல்விழி கிரீடத்தை மாட்டிக்கொண்டு, கையை உயர்த்தி ஆரம்பித்தாள்.

"எல்லோரும் ஓடட்டும். இந்த ராணி ஓட மாட்டாள்."

"பொய் சொல்லாத தாயி" என்றது அம்மாவின் குரல். "நீதான மொத ஆளா ஓடுன."

கூட்டம் குலுங்கியது. கருப்பம்மாள் எழுந்து நின்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "நிக்காத தாயி. என்ன பெரிய கோட்டை? ஓடீரு."

வேல்விழி அம்மாவின் கையில் இருந்த தழும்பைப் பார்த்தாள். பீரோவிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம் அதற்கு மேல் வாயில் வரவில்லை. குனிந்து ராஜாவின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

"மன்னா, எந்திரிங்க. ஓடுவோம்."

"ஏய், நான் செத்துட்டேன்" என்று கிசுகிசுத்தான் பிரபாகரன்.

"செத்தா என்ன, வாங்க."

ராணி ராஜாவை இழுத்துக்கொண்டு மைதானத்தைத் தாண்டி ஓடினாள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. மிருதங்கம் வாசித்துப் பழகிய கை என்பதால் முதல்வரின் கைதட்டல் தனியாகக் கேட்டது.

"அடுத்த வருஷமும் மைதானத்துலயே போடும்மா. நாற்காலி பிரச்சினை இருக்காது" என்று சொல்லிவிட்டு, அவர் தன் இன்னொரு செருப்பைத் தேடிப் போனார்.

பஸ் கிளம்பும்போது வேல்விழி சன்னல் ஓரமாகப் போய் நின்றாள். சைஃபுல்லா மிச்சச் சேவுப் பொட்டலங்களை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தான்.

"யம்மா, என் நடிப்பு எப்படி இருந்துச்சு?"

"நடிப்பெல்லாம் எனக்கென்ன தெரியும்" என்றாள் கருப்பம்மாள். சன்னல் வழியாகக் கையை நீட்டி மகளின் கன்னத்தைத் தடவினாள். "நீ ஓடுனதப் பாத்துட்டேன்ல. இனி எந்த ஊருக்கு வேணும்னாலும் போயி நடி."